பேசாத பொன்னம்மாவுக்கு ஒரு டாக்டர்

எஸ்டேட் டிரெஸர் வேலை என்பது இரண்டு பாட்டில்களும் ஒரு பொய்யும் சேர்ந்தது: ஒரு பாட்டிலில் கொய்னா, இன்னொன்றில் விளக்கெண்ணெய், பொய் என்பது "சரியாயிடும்".

ரப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரிகளில் என்னோடு மாரடித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காய்ச்சலுக்கு நம்மிடம் மருந்து இருந்தது. புண்ணுக்கு இருந்தது. பூச்சிக்கும் பேதிக்கும் இருந்தது. மனசுக்கு மட்டும் அலமாரியில் ஒன்றும் இருக்காது, யாரிடம் போய்க் கேட்பது என்று சொல்லித் தருவதற்கும் ஆள் இருக்காது. ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருஷங்களுக்கு முன், மலாயாவில் குளுவாங்கிலிருந்து காஹாங் போகிற சாலையில் ஒரு தோட்டத்தில் நான் டிரெஸராக, அதாவது டாக்டர் இல்லாத நாட்களில் மருந்து கொடுக்கிற ஆளாக, இருந்தேன். அங்கே ஒரு பெண்ணை ஒரே ஒரு தடவை மனோவியாதி டாக்டர் முன்னால் உட்கார வைக்க நான் பட்ட பாட்டைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். உங்களுக்கும் இப்படி ஒன்று நடந்திருக்கும். பெயர்தான் வேறாக இருக்கும்.

கணவன் மட்டும் வந்தான்

மாரிமுத்து ரப்பர் மரம் சீவிப் பால் எடுக்கிற பால்வெட்டுக்காரன். அவன் மனைவி பொன்னம்மாவும் பால்வெட்டுதான். ஒரு நாள் வேலை முடிந்து குளித்துவிட்டு, தலையைக்கூடத் துவட்டாமல் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றான். என்னப்பா என்றேன். பெண்சாதி பேசுவதில்லை என்றான். சண்டையா என்று கேட்டேன். இல்லை, யாரோடுமே பேசுவதில்லை என்றான்.

அவர்களுடைய கைக்குழந்தை அதற்குச் சில வாரங்களுக்கு முன்னால்தான், வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப் போகிற ஆயாக் கொட்டகையில் காய்ச்சல் கண்டு இறந்திருந்தது. அன்று நான் மருந்து எடுக்கக் குளுவாங் போயிருந்தேன். சாயங்காலம் திரும்பி வந்தபோது புதைத்துவிட்டிருந்தார்கள். அன்றிலிருந்து பொன்னம்மா வாயைத் திறக்கவில்லையாம். விடியற்காலை எழுந்திருக்கிறாள், பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுக்கிறாள், அதாவது பேர் கூப்பிட்டால் கையைத் தூக்குகிறாள். தன் மர நிரையில் பால் வெட்டுகிறாள், வாளி சுமக்கிறாள், சோறாக்கி அவனுக்குப் போடுகிறாள். அவன் ஊட்டினால் இரண்டு வாய் வாங்கிக்கொள்கிறாள். ஊட்டாவிட்டால் அதுவும் இல்லை. அழுவதும் இல்லை.

கன்னத்து எலும்பு தெரிகிறது என்று அவன் சொன்னதும், அதுவரைக்கும் ஏன் அழைத்து வரவில்லை என்று அவனைக் கடிந்துகொண்டேன். அவன் கோபப்படவில்லை. யோசித்துத்தான் பதில் சொன்னான்.

"காய்ச்சலா இருந்தா தூக்கிட்டு வந்திருப்பேங்கய்யா. இது என்னான்னே தெரியல. சீக்குன்னு சொல்லலாமா கூடாதான்னு கேக்கத்தான் நான் மட்டும் வந்தேன்."

நாக்கு சுத்தம்

எங்கள் தோட்டத்துக்கு ஒரு பெரிய டாக்டர் காரில் வந்து போவார். அந்த வட்டாரத்துத் தோட்டங்கள் எல்லாம் அவர் பொறுப்பு. எங்கள் வாசலில் கார் நிற்கும்போதே அடுத்த தோட்டத்துக்கு நேரமாகிவிட்டிருக்கும். அவர் எழுதிக் கொடுத்தால்தான் வெளி ஆஸ்பத்திரியில் சேர்ப்பார்கள் என்பதால் பொன்னம்மாவை வரிசையில் முதலாவதாக நிறுத்தினேன்.

கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். முழங்காலைத் தட்டினார். வயிற்றை அமுக்கினார். நாக்கை நீட்டச் சொன்னார், நீட்டினாள். பேசச் சொன்னார், பேசவில்லை. நான் அவளுடைய குழந்தையைப் பற்றிச் சொன்னேன். மனோவியாதி டாக்டர் ஒருவர் ஜொகூர் பாருவில் ஓர் ஆஸ்பத்திரிக்கு வாரத்தில் ஒரு நாள் வந்து பார்க்கிறார் என்று கேள்விப்பட்டதாகவும், ஒரு வரி எழுதித் தந்தால் போதும் என்றும் சொன்னேன். எழுதினால் நீங்கள் இதுவரை என்ன வைத்தியம் செய்தீர்கள் என்று அங்கே கேட்பார்கள், நான் என்ன பதில் சொல்வது என்றார். நோய்க்குப் பெயர் இல்லாமல் கடிதம் எழுதி அவருக்குப் பழக்கமில்லை. இரும்புச்சத்து மருந்து கொடுக்கச் சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டார். துண்டைத் திருப்பித் தரும்போது சொன்னார்.

"நாக்கு சுத்தமாக இருக்கிறது, டிரெஸர். பேசுவதும் பேசாததும் அவள் இஷ்டம்."

சீட்டு வேண்டாத வைத்தியர்

தோட்டத்தில் என்னைவிட மூத்த வைத்தியர் ஒருவர் இருந்தார். மாரியம்மன் கோயில் பூசாரி. பொன்னம்மாவுக்கு ஆற்றங்கரையில் பேய் பிடித்துவிட்டது என்று தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பெண்கள் முடிவு செய்திருந்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவளைக் கோயில் முன்னால் உட்கார வைத்து உடுக்கை அடித்தார்கள். வேப்பிலையால் அடித்தார்கள். பேய் தன் பெயரைச் சொல்லவில்லை என்றதும் பிரம்பை எடுத்தார்கள். மாரிமுத்து குறுக்கே விழுந்து தடுத்ததில் பாதி அடி அவன் முதுகில் விழுந்தது.

மறுநாள் இரண்டு பேருக்கும் அயோடின் தடவிவிட்டு நேரே பூசாரியிடம் போனேன். சண்டைக்குத்தான் போனேன். நான் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற வேதக்காரன் என்பது அவருக்குத் தெரியும், ஆனால் மதத்தை இழுக்காமல் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பேசாத பெண்ணை அடித்தால் பேச்சு வருமா என்றேன். எப்போதாவது வருவதுண்டு என்றார். வராவிட்டால் என்றேன். வராவிட்டால் அவரைக் குற்றம் சொல்வதற்கு யாரும் இல்லையாம், பேய்தான் பொல்லாதது. பிறகு என் கையிலிருந்த அயோடின் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே நிதானமாகச் சொன்னார்.

"என்கிட்ட வர்றதுக்கு ஒரு தொர கையெழுத்தும் வேண்டாம், ஒரு டாக்டர் சீட்டும் வேண்டாம். வந்த அன்னிக்கே பாத்துடறேன். உங்க டாக்டர அப்படிப் பாக்கச் சொல்லுங்க, நான் பிரம்பக் கீழ போட்டுடறேன்."

கண்ணாடி

பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி மாத்தா ஸ்டேஷன் என்கிற போலீஸ் ஸ்டேஷன் வழியாகத்தான் போகிறது என்று எங்கள் ஆபீஸ் தலைமைக் குமாஸ்தா, பெரிய கிராணி சொன்னார். போலீஸ் பிடித்து, மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தி, அவர் உத்தரவு போட்டால் டாக்டர் தானாக வந்து பார்ப்பாராம். பிடிப்பது என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் வேறு வழி தெரியாததால், வேலையில்லாத ஒரு நாளில் புருஷன் பெண்சாதி இருவரையும் கூட்டிக்கொண்டு குளுவாங் போனேன்.

ஸ்டேஷனில் இருந்த சார்ஜன் வயதான மலாய்க்காரர், நல்ல மனுஷன். பொன்னம்மாவுக்குக் கோப்பி வாங்கி வரச் சொன்னார். அவள் பெஞ்சில் உட்கார்ந்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக் குடித்தாள். குடித்துவிட்டுக் கோப்பையைத் துடைத்து வைத்தாள். அதைப் பார்த்ததும் சார்ஜன் தலையை ஆட்டிவிட்டார். ஊர் நடுவே துணியை அவிழ்த்தாளா, யாரையாவது கடித்தாளா, வீட்டுக்குத் தீ வைத்தாளா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இல்லை, இல்லை என்று சொல்லச் சொல்ல எனக்கே ஏதோ குறைவான சரக்கை விற்க வந்தவன் போலக் கூச்சமாகிவிட்டது. கடைசியில் எங்கள் மேல் இரக்கப்பட்டு, மலாயில் ஒரு யோசனை சொன்னார்.

"ஒரு கண்ணாடியாவது உடைக்கட்டும், நாளைக்கே அனுப்பி வைக்கிறேன். கோப்பையைத் துடைத்து வைக்கிறவளை நான் எந்தச் சட்டத்தில் பிடிப்பது?"

மரத்துக்குக் காயம்

தோட்டத்து வெள்ளைக்காரத் துரையிடம் லீவு கேட்டு நான் முன்பே ஒரு தடவை போயிருந்தேன். வேலைக்கு வருகிறாளா என்றார். வருகிறாள் என்றேன். அப்படியானால் நோய் எங்கே என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்திருந்தது.

ஒரு நாள் காலை வெட்டு முடிகிற நேரத்தில் ஆபீஸ் பியூன் ஓடி வந்தான், துரை கூப்பிடுகிறார் என்று. என்னை ரப்பர்க் காட்டுக்கே அழைத்துப் போனார்கள். பொன்னம்மாவின் நிரையில் மரத்துக்கு மரம் பட்டை தொங்கியது. மெல்லிசாகச் சீவ வேண்டிய இடத்தில் கத்தியை உள்ளே விட்டுக் கட்டை தெரிகிற வரைக்கும் தோண்டியிருந்தாள். பால், மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் இறங்காமல் மரம் முழுக்க வழிந்துகொண்டிருந்தது. அவள் கடைசி மரத்தடியில் கத்தியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாரிமுத்து பக்கத்தில் குந்தி, அந்தக் கத்தியை வாங்கப் பயந்து, கையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தான். நான் போய் அவள் மணிக்கட்டைத்தான் முதலில் பார்த்தேன். காயம் இல்லை. இருக்கும் என்று நினைத்துத்தான் பார்த்தேன். கத்தியை வாங்கியபோது விட்டுவிட்டாள்.

துரை ஒவ்வொரு மரமாகத் தடவிப் பார்த்துக்கொண்டு வந்தார். அப்படி வலியோடு அவர் எந்த மனுஷனையும் தொட்டு நான் பார்த்ததில்லை. உடனே இவளை எங்கேயாவது கொண்டுபோய்க் காட்டு, எத்தனை நாள் ஆனாலும் சரி என்று உத்தரவானது. ஆபீசில் லீவு எழுதும்போது பெரிய கிராணி தலையைத் தூக்காமலே சொன்னார்.

"மனுசிக்குக் காயம் பட்டு இந்தத் தோட்டத்துல யாருக்கும் லீவு கெடச்சதில்ல, டிரெஸர். மரத்துக்குப் பட்டதே, அது அவ அதிர்ஷ்டம்."

டெலிபோன்

துரையின் அனுமதி இருந்ததால் ஆபீஸ் டெலிபோனைத் தொட விட்டார்கள். குளுவாங் லைன் கிடைத்து, பிறகு ஜொகூர் பாரு லைன் கிடைத்து, நான் சொன்ன ஆஸ்பத்திரியின் குமாஸ்தா ஒருவர் வந்தார். நல்ல இங்கிலீஷ். மனோவியாதி டாக்டரைப் பார்க்க ஒரு நாள் குறித்துத் தர வேண்டும் என்றேன். நோயாளி பேசுகிறீர்களா என்றார். இல்லை, டிரெஸர் பேசுகிறேன் என்றேன். டிரெஸர் சொல்லி நாள் தர முடியாது, டாக்டர் கடிதம் இல்லாவிட்டால் நோயாளியே விருப்பம் தெரிவிக்க வேண்டும், ரிசீவரை அவரிடம் கொடுங்கள் என்றார்.

பொன்னம்மா வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். அவள் பேச மாட்டாள், அதற்குத்தான் டாக்டரைத் தேடுகிறோம் என்று இரண்டு விதமாகச் சொல்லிப் பார்த்தேன். மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. அவர் என்னைக் கேலி செய்யவில்லை. விதியைத்தான் சொன்னார்.

"பேச மாட்டேன் என்பதை அவரே சொல்லட்டும், நான் எழுதிக்கொள்கிறேன்."

காதர் பாய்

குளுவாங்கில் ரயில் ஸ்டேஷன் பக்கத்தில் காதர் பாயின் சாப்பாட்டுக் கடை. மருந்து எடுக்கப் போகிற நாட்களில் எனக்குப் பகல் சாப்பாடு அங்கேதான். ஊர்ப் பக்கம் கடற்கரைக்காரர், சிரித்த முகம், கல்லாவை விட்டு எழுந்திருக்க மாட்டார். டெலிபோன் கதையை அவரிடம் எரிச்சலோடு சொல்லிக்கொண்டிருந்தேன். வழக்கமாக இப்படிப்பட்ட கதைக்கு அவர் சத்தமாகச் சிரிப்பார். அன்று சிரிக்கவில்லை. கல்லாவை மூடிவிட்டு எழுந்து வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தார்.

டெலிபோன் செய்யாதீர்கள் என்றார். அந்த டாக்டர் வருகிற கிழமையையும், அவர் உட்காருகிற அறைக்குப் பக்கவாட்டில் ஒரு கதவு இருப்பதையும், அந்தக் கதவில் நிற்கிற மலாய்க்காரக் கிழவர் எப்படி இருப்பார் என்பதையும் சொன்னார். முதல் தடவை வருகிறோம் என்று சொன்னால் முன்வாசலுக்குத் திருப்பி அனுப்பிவிடுவாராம். பழைய நோயாளி, மறுபடி வரச் சொன்னார்கள் என்றால் ஒன்றும் கேட்காமல் உள்ளே விட்டுவிடுவாராம். இதையெல்லாம் அவர் சாம்பார் வாளி தூக்கிப் போகிற ஆளுக்குக் கேட்காத குரலில் சொன்னார். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. கேட்காததனால்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

"அந்தக் கதவு வழியா நான் ரொம்ப நாள் போய் வந்திருக்கேன், டிரெஸரய்யா. என் தம்பி சிங்கப்பூர்ல ஏவாரம் பண்றான்னுதான் வீட்டுல, பள்ளிவாசல்ல எல்லாம் சொல்லி வச்சிருக்கேன். அந்தப் பொண்ணுக்கும் நீங்க ஏதாச்சும் ஒரு ஏவாரம் சொல்லி வச்சிருங்க."

எந்தப் பால்

புருஷன் பெண்சாதி இருவரையும் ஜொகூர் பாருவுக்குக் கூட்டிப் போய், பழைய நோயாளி என்று சொன்னேன்; பக்கவாட்டுக் கதவு காதர் பாய் சொன்னபடியே திறந்தது. உள்ளே டாக்டர் பொன்னம்மாவின் பழைய தாள்களைக் கேட்டார். இல்லாத தாள்களை ஆஸ்பத்திரி முழுக்கத் தேடினார்கள். தொலைந்துவிட்டது போலிருக்கிறது என்று டாக்டரே வருத்தம் தெரிவித்துப் புதுத் தாள் எடுத்தார். இப்படித்தான் எங்களுக்கு முதல் சந்திப்பு கிடைத்தது.

நடுத்தர வயது வெள்ளைக்காரர். களைத்த முகம். பக்கத்தில் கழுத்துப்பட்டை கட்டிய ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர். மாரிமுத்துவிடம் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுவிட்டு, டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். குழந்தை இறந்த செய்தியை உனக்கு யார் சொன்னார்கள், எப்போது சொன்னார்கள் என்று பொன்னம்மாவைப் பார்த்துக் கேட்டார். அவள் பேசாததைக் கண்டு மொழிபெயர்ப்பாளர் தாமாகவே, தோட்டத்து ஆட்கள்தான் ஐயா என்று பதில் சொன்னார். டாக்டர் கையைத் தூக்கி அவரை நிறுத்தினார். மறுபடி பொன்னம்மாவைப் பார்த்தார். காத்திருந்தார். வெளியே ஆட்கள் இருமிக்கொண்டிருந்தார்கள், பெஞ்சுகள் நகர்ந்தன, அவர் காத்துக்கொண்டே இருந்தார். அந்தத் தோட்டத்தில் எவரும், நானும் சேர்த்துத்தான், அவளுக்கு எதிரே அப்படிச் சும்மா உட்கார்ந்ததில்லை.

"பால் நிறுத்த பெறகுதான் சொன்னாங்க," என்றாள் பொன்னம்மா.

கரகரத்த, அடையாளம் தெரியாத குரல். மாரிமுத்து தோள்துண்டை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டான். மொழிபெயர்ப்பாளர் இங்கிலீஷில் சொன்னது எனக்குக் காதில் விழுந்தது: குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்திவிட்ட பிறகு யாரோ ஏதோ சொன்னார்களாம். டாக்டர் எழுதத் தொடங்கிவிட்டார். நான் மரியாதையை மறந்து குறுக்கே புகுந்தேன். அது தாய்ப்பால் இல்லை, ரப்பர்ப் பால். நிறுத்தியது இல்லை, எடை போட்டு நிறுத்தது. குழந்தை காலையிலேயே இறந்துவிட்டது. செய்தி சொன்னால் இவள் வாளியைப் போட்டுவிட்டு ஓடிவிடுவாள், அன்றைய பால் வீணாகும் என்று, வெட்டி முடித்து, சேர்த்து, ஸ்டோரில் நிறுக்கிற வரைக்கும் ஆட்களை வேலை வாங்குகிற பெரிய கங்காணி யாரையும் வாயைத் திறக்க விடவில்லை. நிறுத்து முடித்து, பிள்ளைக்குப் பால் கொடுக்க அவள் கொட்டகைப் பக்கம் திரும்பியபோதுதான் சொல்லியிருக்கிறார்கள். இதை நான் சொல்லச் சொல்ல மாரிமுத்து ஆமாம் ஆமாம் என்று தலையசைத்தான். வார்த்தைகள் என்னுடையவை, விவரமெல்லாம் அந்த நிமிஷத்தில் நான் அவனைக் கேட்டுக் கேட்டு வாங்கியவை. அவனுக்கும் அன்று பால் நிறுத்த பிறகுதான் சொன்னார்களாம். தோட்டத்தில் அதுதானே வழக்கம், அதை ஒரு காரணமாகச் சொல்லலாம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

டாக்டர் எழுதியதை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார். மாதம் ஒரு முறை வரச் சொன்னார். வேறு காட்டில் லேசான வேலை கொடுக்கும்படி துரைக்குக் கடிதமும் தந்தார். வெளியே வரும்போது மொழிபெயர்ப்பாளர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். டாக்டர் முன்னால் நான் திருத்தியது அவருக்குச் சுட்டிருந்தது.

"எது பால், எது நிறுத்தறதுன்னு எனக்கு எப்படிங்க தெரியும்? அடுத்த தடவ அந்தம்மாவக் கொஞ்சம் தெளிவாப் பேசச் சொல்லுங்க."

துரை படித்த கடிதம்

டாக்டரின் கடிதம் நல்ல கடிதம். லேசான வேலை, வேறு காடு, மாதம் ஒரு லீவு என்று கேட்டிருந்தார். செய்தியை மறைத்து வைத்த விஷயத்தையும் ஒரு வரியில் எழுதியிருந்தார். அந்த ஒரு வரியைத் துரை இரண்டு தடவை படித்ததை நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

நேற்று வரைக்கும் பொன்னம்மா சோம்பேறி, பிடிவாதக்காரி, மரத்தைக் கெடுத்தவள். அதிலெல்லாம் ஒரு மன்னிப்பு இருந்தது. இன்று அவளுக்குக் கையெழுத்துப் போட்ட நோய் இருக்கிறது. மனநோயாளியை லயத்தில் வைத்துக்கொள்ள முடியாது என்றார் துரை. கத்தி பிடிக்கிற வேலை, நாளைக்கு யாரையாவது வெட்டினால் யார் பொறுப்பு என்றார். அடுத்த கப்பலில் இரண்டு பேரையும் ஊருக்கு அனுப்பிவிடலாம் என்று முடிவாயிற்று. டாக்டர் அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறாரே என்றேன். ஊரிலும் டாக்டர்கள் இருப்பார்கள் என்றார். ஊரில் அவர்களுக்கு ஓர் உறவும் மிச்சமில்லை என்பதைச் சொன்னேன். அதற்கு அவர் கடிதத்தை மடித்துக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அவளுக்கு என்ன என்று பார்க்கத்தான் உன்னை அனுப்பினேன், டிரெஸர். தோட்டத்துக்கு என்ன என்று பார்க்க அல்ல."

பெரட்டு

கப்பலுக்கு ஆள் அனுப்புகிற விஷயம் லயத்துக்கு எட்டுவதற்கு முன்னால் நானே மாரிமுத்துவிடம் சொல்லிவிட்டேன். அனுப்பினால்தானே கப்பல், வேலையை விடுகிறோம் என்று நீங்களாகவே நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போனால் யாரும் தடுக்க முடியாது என்றேன். அவன் பொன்னம்மாவைப் பார்த்தான். பிள்ளை இங்கேதான் கிடக்கிறது, கப்பல் ஏற மாட்டேன் என்றாள். ஜொகூர் பாருவிலிருந்து வந்த பிறகு அவள் பேசியது அவ்வளவு கொஞ்சம்தான். ஆனால் பேசினாள்.

நோட்டீஸ் கொடுத்த மறுநாள் விடிகாலைப் பெரட்டில் நானும் நின்றேன். காய்ச்சல்காரர்களைப் பிரித்து எடுப்பது என் வேலை. பேர் கூப்பிட்டு முடிந்து எல்லோரும் வாளியைத் தூக்கும்போது, பொன்னம்மா வரிசையை விட்டு வெளியே வந்து பெரிய கங்காணிக்கு எதிரே போய் நின்றாள். எம் பிள்ள எத்தன மணிக்குச் செத்துச்சு என்று கேட்டாள். சத்தம் போடவில்லை. கடையில் விலை கேட்பது மாதிரிக் கேட்டாள். கங்காணி துரையைப் பார்த்தார், கிராணியைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். அவரிடம் பதில் இருந்தது, சட்டைப்பையில் கடிகாரமும் இருந்தது, அந்தப் பையைத்தான் கையால் மூடிக்கொண்டார். அவள் வரிசைக்குத் திரும்பிப் போய் வாளியை எடுத்துக்கொண்டாள்.

கூட்டம் காட்டுக்குள் போன பிறகு பெரிய கங்காணி வெற்றிலையைத் துப்பிவிட்டு என்னிடம் வந்தார். அவருக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது.

"பேசாம இருந்த வரைக்கும் நல்லாத்தான் இருந்தா. நீங்க கூட்டிட்டுப் போய்த்தான் கெடுத்துட்டீங்க, டிரெஸரய்யா."

செனாய்

அவர்கள் செனாய்ப் பக்கம் தவுக்கே என்கிற சீன முதலாளி ஒருவரின் அன்னாசித் தோட்டத்துக்குப் போனார்கள். காதர் பாய்தான் தவுக்கேயிடம் சொல்லிவிட்டிருந்தார், அதாவது எதையெல்லாம் சொல்லக் கூடாதோ அதையெல்லாம் சொல்லாமல் விட்டிருந்தார். செனாயிலிருந்து ஜொகூர் பாரு கிட்டத்தில்தான். டாக்டரிடம் மாதாமாதம் போய்வந்தார்கள். இந்தக் கதையில் எனக்குத் திருப்தி தருகிற இடம் இது ஒன்றுதான், அதனால் இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல ஆசை. நீட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

பல மாதங்கள் கழித்து அந்த வழியாகப் போனபோது இறங்கிப் பார்த்தேன். பொன்னம்மா அன்னாசி வரிசையில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். என்னைப் பார்த்து வாங்கய்யா என்றாள், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், பக்கத்து வீட்டுக்காரியின் கோழியைப் பற்றி ஒரு புகார் சொன்னாள். ஒரு கோழிப் புகாரைக் கேட்டு எனக்குக் கண் கலங்கியது அன்றுதான். மாரிமுத்து குடிசை நிழலில் உட்கார்ந்திருந்தான். அவன் எழுந்து வரவில்லை. கிட்டே போய்ப் பார்த்தால் முள் கிழித்த கையில் புண்ணுக்கு மேல் புண், துடைக்கக்கூட இல்லை. எதிரே தட்டில் சோறு ஆறிக் கிடந்தது. தவுக்கே கூப்பிட்டால் போகிறானாம், கூப்பிடாவிட்டால் இப்படியே உட்கார்ந்திருக்கிறானாம். பொன்னம்மா அதை என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

இவனையும் டாக்டரிடம் காட்டலாமே என்றேன். அந்த டாக்டர் சீமைக்கு லீவில் போய்விட்டார், பதில் ஆள் இன்னும் வரவில்லை என்றாள். நாங்கள் பேசுவதைக் கேட்டு மாரிமுத்து தலையைத் தூக்கினான். சிரித்தான் என்றுகூடச் சொல்லலாம்.

"அவ அழாதப்ப நானும் அழுதா நல்லாருக்காதுன்னு அடக்கி வச்சேங்கய்யா. இப்ப அவளுக்குச் சரியாப் போச்சு, எனக்கு எடம் இருக்கு, டாக்டருதான் இல்ல."

மனசு உடைந்தவருக்கு ஒரு டாக்டரைக் கண்டுபிடிக்க, உடையாத மனசு உள்ளவர்கள் நாலைந்து பேராவது வேண்டும் என்பதும், கண்டுபிடித்து முடிக்கும்போது அவர்களிலும் ஒருவர் குறைந்திருப்பார் என்பதும்தான் இருபத்தைந்து வருஷ டிரெஸர் வேலையில் நான் பாஸ் செய்த ஒரே பாடம்.